பழைய ஆலையை லேசர் ஸ்கேன் செய்வது என்றால் என்ன? ஒரு ஐஸ் கம்பெனியை வைத்து ஒரு விளக்கம்

இராமநாதபுரம் கரையில் ஒரு பழைய ஐஸ் கம்பெனிக்குள் போய் ட்ராயிங் கேட்டால், பீரோவிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்துத் தருவார்கள். அதில் இருப்பது கட்டுவதற்கு முன்னால் போட்ட திட்டம். இப்போது நம் கண் முன்னால் நிற்கிற கம்பெனி வேறு. உப்புக்காற்றில் இரும்புக்கு ஆயுசு குறைவு. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காப்பாற்றுவதே ஒரு தனி வேலையாக இருந்தது என்றால், ஐஸ் கம்பெனியின் மொட்டை மாடியில் கிடக்கிற பைப்புக்கு எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் ஓட்டை விழும், ஃபிட்டர் வந்து அந்தத் துண்டை வெட்டி வேறு துண்டு வைப்பார், அன்றைக்கு எந்த வழி சுலபமோ அந்த வழியாக லைனைத் திருப்பிவிடுவார். இப்படி இருபது வருஷம் போனால் முதலில் போட்ட லைன் ஒன்றுகூட அதே இடத்தில் இருக்காது. இதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. கரையில் போட்டுகள் ஐஸுக்குக் காத்து நிற்கும்போது, எவர் உட்கார்ந்து ட்ராயிங்கைத் திருத்துவார்?

அப்புறம் ஏன் அளக்க வேண்டும்? காரணம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஐஸ் விற்பனை படுத்துவிடும், பெரிய பராமரிப்பு எல்லாம் அந்த இடைவெளியில்தான் நடக்கும். ஐஸ் உறைய வைக்கிற அமோனியா வாயுவின் சூட்டைத் தணிப்பதற்காக மாடியில் இருக்கிற கண்டென்சரை எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும் என்றால், தடை தொடங்கிய பிறகு டேப் பிடித்து அளந்து, பைப் வாங்கி, வெட்டி, வைத்துப் பார்த்து, சரியில்லை என்று மறுபடி வெட்டி என்று போனால் ஜூன் வந்துவிடும். அதற்குப் பதிலாக மார்ச்சிலேயே துல்லியமாக அளந்து, பட்டறையில் பைப்பை வெல்டிங் போட்டுத் தயாராக வைத்துக்கொண்டால், கம்பெனியை நிறுத்திய மறுநாள் கொண்டு வந்து மாட்டத் தொடங்கலாம். கம்பெனி ஓடிக்கொண்டிருக்கும்போதே, எதையும் தொடாமல், முழுசாக அளப்பதற்குத்தான் லேசர் ஸ்கேனிங்.

டேப்பால் முடியாதா என்று கேட்பார்கள். சின்ன வேலைக்கு முடியும். ஆனால் இருபதடி உயரத்தில் ஓடுகிற பைப்புக்கு ஏணி, இரண்டு ஆள் வேண்டும், டேப் நடுவில் தொங்கும், எழுதும்போது ஒரு எண் மாறும். இதையெல்லாம்கூட சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது, அளக்க மறந்த அளவு. அது மறந்துபோனது என்பதே மதுரையில் இருக்கிற என் ஆபீஸுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரியும்.

சரி, லேசர் ஸ்கேனர் என்ன செய்கிறது? போட்டில் போகிறவர்களுக்கு எக்கோ சவுண்டர் தெரியும். சத்தம் கீழே போகும், தரையில் பட்டுத் திரும்பும், எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்பதை வைத்து ஆழம் சொல்லும். ஸ்கேனரும் அதே வேலையை வெளிச்சத்தால் செய்கிறது. தண்ணீரில் சத்தம் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும், அதனால் 15 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஆகும். வெளிச்சம் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். அதே 15 மீட்டர் தூரத்துச் சுவருக்குப் போய்த் திரும்ப 100 நானோ நொடிதான், அதாவது எக்கோ சவுண்டர் அளக்கிற நேரத்தில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. ஒரே ஒரு நானோ நொடி கணக்குத் தப்பினால் தூரம் 15 சென்டிமீட்டர் தப்பிவிடும். இதனால் சில கருவிகள் நேரத்தை நேரடியாக எண்ணாமல், ஏறி இறங்குகிற வெளிச்சத்தை அனுப்பி, திரும்பி வருகிற அலை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுகின்றன. இரண்டு முறையிலும் கடைசியில் கிடைப்பது ஒன்றுதான்: இந்தத் திசையில், இவ்வளவு தூரத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது.

கருவியை ட்ரைபாட் மேல் வைத்து பட்டனை அழுத்தினால், உள்ளே ஒரு கண்ணாடி மேலும் கீழுமாக வேகமாகச் சுழலும், தலை மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பும். இன்றைய கருவிகள் நொடிக்குப் பத்து லட்சம் புள்ளிக்கு மேல் எடுக்கும். ஒரு இடத்தில் சில நிமிஷம், அவ்வளவுதான். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள்: கிழக்கு மேற்கில் எங்கே, வடக்கு தெற்கில் எங்கே, உயரம் எவ்வளவு. அதோடு திரும்பி வந்த வெளிச்சம் எவ்வளவு பலமாக இருந்தது என்பதும், கேமராவும் இருந்தால் நிறமும் சேரும். இந்தக் கோடிக்கணக்கான புள்ளிகளின் கூட்டத்துக்குப் பெயர் பாயின்ட் கிளவுட், புள்ளி மேகம்.

முதல் முறை இதைக் கம்ப்யூட்டரில் பார்க்கிறவர்கள் போட்டோ என்றே நினைப்பார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் கம்ப்ரசர், அதன் மேல் பிரஷர் கேஜ், வால்வு சக்கரத்தில் யாரோ கட்டிவைத்த சிவப்புத் துணி, எல்லாம் அப்படியே தெரியும். கிட்டே கிட்டே போங்கள். வால்வு சக்கரம் உதிரத் தொடங்கும், இன்னும் கிட்டே போனால் ஈர மணலைக் கையில் எடுத்து உதறியது மாதிரி தனித்தனிப் புள்ளிகளாகிவிடும், நடுவில் ஒன்றும் இருக்காது. கம்ப்யூட்டருக்கு அங்கே வால்வு இருப்பது தெரியாது, பைப் இருப்பதும் தெரியாது. புள்ளி இருப்பது மட்டும்தான் தெரியும். எது வால்வு, எது பைப் என்று சொல்வது அப்புறம் மனிதர் செய்கிற வேலை.

இந்தத் தொழிலே பழைய ஆலைகளுக்காகப் பிறந்ததுதான். ஈராக்கின் மோசூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பென் கசிரா என்ற சிவில் இன்ஜினியர், இருக்கிற ஆலைகளை அளப்பதில் பட்ட சிரமத்தைத் தீர்க்கத்தான் 1990களில் சைராக்ஸ் என்ற ஸ்கேனரை உருவாக்கினார். அதைச் செய்த அவருடைய கம்பெனியை 2001இல் சர்வே கருவிகள் செய்கிற லைக்கா வாங்கியது. அதே வருஷம் பாமியான் புத்தர் சிலைகள் தகர்க்கப்பட்டன, அதன் பிறகு 2003இல் அவர் புராதனச் சின்னங்களை ஸ்கேன் செய்து பாதுகாக்க சைஆர்க் என்ற அமைப்பைத் தொடங்கினார். இன்றைக்குக் கோயில் ஸ்கேன் என்றால் எல்லோருக்கும் தெரிகிறது, பைப் ஸ்கேன் என்றால் புதிதாகக் கேட்கிறார்கள். வரிசை என்னவோ தலைகீழ்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். லேசர் நேர்கோட்டில் போகும், முன்னால் எது நிற்கிறதோ அதில் பட்டுத் திரும்பிவிடும். இராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள் இருக்கின்றன. ஒரே இடத்தில் நின்று சுற்றிப் பாருங்கள். முன்னால் இருக்கிற தூண் பின்னால் இருக்கிற தூணை மறைக்கும், எல்லாத் தூணின் மறுபக்கமும் மறைந்தே இருக்கும். நாலடி நகர்ந்தால் வேறு சில தூண்கள் தெரியும், முன்பு தெரிந்தவை மறையும். ஸ்கேனரின் கதையும் இதேதான். மண்டபம் பக்கம் ஒரு நடுத்தர ஐஸ் கம்பெனியை முழுசாக எடுக்க எனக்கு 34 இடத்தில் ட்ரைபாட் வைக்க வேண்டியிருந்தது. அப்படியும் திரவ அமோனியா சேருகிற ரிசீவர் டேங்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ அகலச் சந்து விடுபட்டுப்போனது.

விடுபட்ட இடம் ஸ்கிரீனில் கறுப்பாகத் தெரியும். காலியான இடமும் கறுப்பாகத்தான் தெரியும். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் வேலை செய்வதுதான் இதில் நடக்கிற மிக மோசமான தவறு. நான் அந்தத் தவறைச் செய்தேன். அந்தச் சந்தில் ஒன்றுமே இல்லை என்று நினைத்து, புதிய தண்ணீர் லைனை அதன் வழியாக வரைந்தேன். பட்டறையில் பைப் தயாராகிவிட்டது. மாட்டப் போனபோது அங்கே ஒரு பழைய காங்கிரீட் திண்டு, அதன் மேல் ஒரு டிரெயின் பைப். அன்று வெயிலில் நின்றுகொண்டு பைப்பை வெட்டிய வெல்டரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: புள்ளிகளை வைத்து வரைகிற மாடலில் லேசர் பார்க்காத இடங்களையெல்லாம் மஞ்சள் நிறப் பெட்டியாக வரைந்து "பார்க்கவில்லை" என்று எழுதிவிடுவேன். வாடிக்கையாளர் சில பேருக்கு அது பிடிக்காது, வேலை முடியாதது மாதிரி இருக்கிறது என்பார்கள். ஆனாலும் எழுதுவேன்.

34 இடத்தில் எடுத்த 34 புள்ளி மேகங்களை ஒன்றாகக் கோர்க்க வேண்டும். இதை ரெஜிஸ்ட்ரேஷன் என்பார்கள். பக்கத்து இரண்டு இடங்களில் இருந்தும் தெரிகிற பொதுவான பொருள்கள் நிறைய இருந்தால் மென்பொருளே வடிவத்தைப் பார்த்துப் பொருத்திவிடும். இல்லாவிட்டால் வெள்ளைப் பந்துகளையோ கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டைகளையோ அங்கங்கே வைத்து அவற்றை அடையாளமாகப் பிடித்துக்கொள்ளலாம். இதில் கவனிக்க வேண்டியது சின்னத் தப்பு எப்படிப் பெருகும் என்பது. ஒரு ஸ்கேன் வெறும் 0.01 டிகிரி திரும்பிப் பொருந்தினால் அங்கேயே தெரியாது, 50 மீட்டர் தள்ளிப் போனால் 9 மில்லிமீட்டர் விலகியிருக்கும். அதனால் ஒரே நேர் வரிசையாக ஸ்கேன் எடுத்துக்கொண்டே போய் நிறுத்திவிடக் கூடாது, கட்டடத்தைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். தலையும் வாலும் பொருந்துகிறதா என்று பார்த்தாலே பிழை வெளியே வந்துவிடும். பெரிய இடமாக இருந்தால், வழுதூர் மாதிரி எரிவாயு மின் நிலையமோ வாலிநோக்கம் மாதிரி பரந்த உப்பளமோ என்றால், முதலில் டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவியை வைத்து நிலையான சில புள்ளிகளை அளந்து, ஸ்கேனையெல்லாம் அவற்றில் கட்டிவிடுவது நல்லது.

நம் கரைக்கே உரிய சில தொல்லைகள் உண்டு. கச்சான் காற்று அடிக்கிற நாளில் வெளியே ட்ரைபாட் நிற்காது, நின்றாலும் கண்ணுக்குத் தெரியாமல் அதிரும், அந்த ஸ்கேனில் பைப்பின் விளிம்பு பிசிறு பிசிறாக வரும். காலையில் எடுக்கிற ஸ்கேன்தான் நம்பிக்கையானது. உப்பு ஈரம் கருவியின் கண்ணாடி மேல் மெல்லிய படலமாகப் படியும், சில ஸ்கேனுக்கு ஒரு முறை அதற்கென்று உள்ள துணியால் துடைக்க வேண்டும், சட்டை முனையால் துடைத்தால் கீறிவிடும். கண்டென்சர் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், அந்தத் துளிகளையும் லேசர் அளந்துவிடும், காற்றில் மிதக்கிற புள்ளிகளாக அவை தெரியும். பளபளக்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் மோசம்: வெளிச்சம் வேறு பக்கம் சிதறிப் போய், அங்கே ஓட்டையோ, இல்லாத ஒரு பொருளோ தெரியும். தேங்கின தண்ணீர் கண்ணாடி மாதிரி. மழை நின்ற மறுநாள் முற்றத்தில் எடுத்த ஒரு ஸ்கேனில், தரைக்குக் கீழே இன்னொரு கம்பெனி தலைகீழாக நின்றது.

இவற்றையெல்லாம் விட என்னை ஏமாற்றியது பனிதான். அமோனியா கம்ப்ரசருக்குத் திரும்பி வருகிற சக்‌ஷன் லைன் கடுங்குளிராக இருக்கும். அதன் மேல் சுற்றிய தெர்மோகோல் உறை பிய்ந்த இடத்தில் காற்றிலுள்ள ஈரம் உறைந்து வெள்ளையாகக் கனமாகப் படிந்துவிடும். ஒரு லைனில் ஸ்கேன் 184 மில்லிமீட்டர் விட்டம் காட்டியது. அப்படி ஒரு பைப்பே கடையில் கிடையாது. 6 அங்குல பைப்பின் வெளி விட்டம் 168.3, 8 அங்குலம் 219.1. இரண்டிலும் சேராத எண். மறுபடி போய்ப் பார்த்தால் உள்ளே இருந்தது 4 அங்குல பைப், வெளி விட்டம் 114.3, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 35 மில்லிமீட்டர் பனி. லேசர் பொய் சொல்லவில்லை, வெளியே எது இருந்ததோ அதை அளந்தது. பைப்பின் அளவு கடையில் கிடைக்கிற எந்த அளவோடும் சேராவிட்டால், உடனே நின்று ஏன் என்று கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

ஆக, ஸ்கேன் சொல்வது அன்றைய தேதியில் வெளிப்புறம் எங்கே இருந்தது என்பதை மட்டும். பைப்பின் சுவர் எவ்வளவு அரித்துப்போயிருக்கிறது என்று அது சொல்லாது, அதற்கு அல்ட்ராசோனிக் கேஜ் வைத்து அளக்க வேண்டும். மண்ணுக்குள் போகிற லைன் தெரியாது. உள்ளே அமோனியா ஓடுகிறதா, தண்ணீரா, ஒன்றுமே இல்லையா என்பதும் தெரியாது. இதை அங்கே வருஷக்கணக்காக வேலை பார்க்கிற ஆளிடம்தான் கேட்க வேண்டும், கேட்டே ஆக வேண்டும். ஸ்கேனரைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்னால் சாக்பீஸும் நோட்டும் எடுத்துக்கொண்டு அவரோடு ஒரு முழுச் சுற்று நடப்பேன். அந்த மண்டபத்துக் கம்பெனியில் முப்பது வருஷ அனுபவமுள்ள ஒரு ஃபிட்டர் இருந்தார். மாடிப் படிக்குப் பக்கத்தில் நல்ல பெயின்ட்டோடு ஒரு பைப் போனது, அதற்கு அடையாளம் போடப் போனேன்.

"தம்பி, அதுக்கு எதுக்கு நம்பர் போடுறீக? அந்த லைன் செத்துப் போச்சு. நாலு வருசமா உள்ள ஒண்ணும் ஓடல."

"அப்புறம் ஏண்ணே பெயின்ட் அடிச்சிருக்கு?"

"பெயின்ட் அடிக்க வந்தவனுக்கு யாரு சொன்னா? அவன் எல்லாத்துக்கும்தான் அடிச்சான்."

அந்த ஒரு லைனைக் கழற்றினாலே புதிய லைனுக்கு நேரான வழி கிடைத்தது. எத்தனை கோடிப் புள்ளி எடுத்தாலும் இது அதில் வராது.

புள்ளி மேகம் தயாரான பிறகு மாடலிங். மென்பொருளில் ஒரு பைப்பின் மேல் உள்ள புள்ளிகளைத் தேர்ந்தெடுத்தால், அவற்றுக்குப் பொருந்துகிற உருளையை அது போட்டுத் தரும். துருச் செதிலால் விட்டம் ஒரு இடத்தில் 115, இன்னொரு இடத்தில் 117 என்று வரும். அங்கே 114.3 என்ற சரியான அளவைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பைப் போகிற பாதையை மட்டும் திருத்தாதீர்கள். நடுவில் தொய்ந்திருந்தால் தொய்ந்தபடியே, தூண் சாய்ந்திருந்தால் சாய்ந்தபடியே இருக்கட்டும். ஏசி ரூமில் உட்கார்ந்து மாடல் செய்கிறவர்களுக்குக் கோணல் என்றால் கை துறுதுறுக்கும், எல்லாவற்றையும் நேராக்கிவிடுவார்கள். அந்தக் கோணலைத் தெரிந்துகொள்ளத்தானே ஸ்கேன் எடுத்தோம்?

இரண்டு பைப்பை போல்ட் போட்டு இணைக்கிற வட்டத் தட்டான ஃபிளேன்ஜ் விஷயத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம். 4 அங்குலத் தண்ணீர் லைனில் வழக்கமாக வருகிற ஒரு ஃபிளேன்ஜில் எட்டு போல்ட், துளைகள் இருக்கிற வட்டத்தின் விட்டம் 190.5 மில்லிமீட்டர். துளை 19, போல்ட் 16, ஆக விளையாட இருக்கிற இடம் மொத்தமே 3 மில்லிமீட்டர். பழைய வெல்டர் அவசரத்தில் அந்த ஃபிளேன்ஜை 4 டிகிரி திருப்பி ஒட்டியிருந்தால், ஒவ்வொரு துளையும் ஆறரை மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கும், புதுப் பைப்பை நேராகச் செய்து கொண்டுபோனால் ஒரு போல்ட்கூட நுழையாது. கண்ணால் பார்த்தால் அந்தத் திருப்பம் தெரியவே தெரியாது. அதனால் புதுப் பைப் சேரப் போகிற ஃபிளேன்ஜுக்கு மட்டும் கிட்டே போய் நெருக்கமாக ஒரு ஸ்கேன் தனியாக எடுப்பேன், கூடவே கையாலும் அளப்பேன்.

துல்லியம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். கருவியின் விளம்பரத்தில் ஒரு மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும், அது ஒரு ஸ்கேனில், பக்கத்தில், நல்ல பரப்பில் கிடைப்பது. முப்பது நாற்பது ஸ்கேனைக் கோர்த்த பிறகு முழுக் கட்டடத்துக்கும் சில மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்வதே நியாயம். அனுபவமுள்ள ஃபிட்டர்கள் இதற்கு எப்போதோ வழி வைத்திருக்கிறார்கள்: பட்டறையில் செய்கிற பைப்பின் ஒரு முனையில் ஐம்பது, நூறு மில்லிமீட்டர் நீளம் கூடுதலாக விட்டு, அந்த ஒரு வெல்டை மட்டும் இடத்தில் வைத்துப் பார்த்துப் போடுவார்கள். ஸ்கேன் இருக்கிறது என்று அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். இன்றைய ஸ்கேனர்களில் பெரும்பாலானவற்றின் லேசர் முதல் வகுப்பு, கண்ணுக்குக் கெடுதல் இல்லை. பயம் வேறு இடத்தில். ஸ்கேனருக்குள் பேட்டரியும் மோட்டாரும் இருக்கின்றன. வழக்கமான ஸ்கேனர் எரிவாயு கசியக்கூடிய பகுதிக்கு என்று செய்த கருவி கிடையாது. அதனால் எரிவாயு உள்ள ஆலையில் வாயு அளவைச் சோதித்து, பெர்மிட் வாங்கி, பாதுகாப்பு ஆள் கூட நிற்கத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். ஐஸ் கம்பெனியில் அமோனியா. உள்ளே போனதும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, வெளியே போக எத்தனை வழி, முகமூடி எங்கே தொங்குகிறது என்று பார்த்துக்கொண்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள். ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும்போது மூக்கில் காரமாக ஏறினால் கருவியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

யாரிடமாவது ஸ்கேன் வேலையைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், "முழுசா ஸ்கேன் பண்ணிக் குடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். எதற்கு என்று சொல்லுங்கள். கண்டென்சர் மாற்றவா, கூரையை உயர்த்தவா, டேங்கைப் பெரிதாக்கவா? அதை வைத்துத்தான் எங்கே நெருக்கமாக எடுப்பது, எதை மாடல் செய்வது, எதைப் புள்ளியாகவே விட்டுவிடுவது என்று முடிவு செய்ய முடியும். எல்லாவற்றையும் மாடல் செய்தால் காசுதான் வீண், பல நேரம் புள்ளி மேகத்துக்குள்ளேயே புதுப் பைப்பை வரைந்து எங்கே இடிக்கிறது என்று பார்த்துவிடலாம்.

வேலை முடிந்ததும் மாடலோடு மூல ஸ்கேன்களையும் கேட்டு வாங்குங்கள், இ57 என்ற பொது வடிவத்தில் கேட்டால் பெரும்பாலும் எந்தக் கம்பெனியின் மென்பொருளிலும் திறக்கலாம். பல பத்து ஜிகாபைட் வரும், ஹார்ட் டிஸ்கில்தான் தருவார்கள். கம்பெனி ஆபீஸ் பீரோவில் ஒன்று வையுங்கள், உப்புக்காற்று படாத ஊரில் சொந்தக்காரர் வீட்டில் இன்னொன்று. டிஸ்கின் மேல் ஸ்கேன் எடுத்த தேதியைப் பெரிதாக எழுதி, அதற்குப் பிறகு ஒரு லைனை மாற்றினாலும் மாற்றிய தேதியோடு ஒரு நோட்டில் குறித்து, அந்த நோட்டை அதே பீரோவில் போட்டுவிடுங்கள். மண்டபத்துக் கம்பெனியில் அந்த நோட்டை இப்போது ஃபிட்டர் அண்ணன்தான் வைத்திருக்கிறார். போன முறை போனபோது ஏழு பக்கம் எழுதியிருந்தார்.